மலைக்கு மலை சைக்கிளா?

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து புழங்கும் கொழிஞ்சாம்பாறையில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், இடுக்கி ஜில்லா உடும்பன்சோலையில் இருக்கும் தன் பெற்றோரைக் காண மாதம் ஒருமுறை போடி வழியாக மலையேறுகிறவன். வாரநாட்களில் சமவெளியில் ஓட்டவும், விடுமுறைக்குப் போகையில் போடி வரை பஸ்ஸில் ஏற்றிச் சென்று அங்கிருந்து மலையில் ஓட்டவும் தக்கதாக ஒரு கியர் சைக்கிள் வாங்க வேண்டும் என்ற ஆசை சென்ற வருஷம் அவனைப் பற்றிக்கொண்டது. கடைக்காரர் இந்த விவகாரத்தை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டார்: "மலைக்குன்னா எம்.டி.பி.தான் தம்பி, தடி டயர், முன்னாடி ஷாக் அப்சார்பர். பிளெயினுக்குன்னா ரோடு பைக், மெல்லிசு டயர், வளைஞ்ச ஹேண்டில்பார்." பையன் என்னிடம் வந்து, "ரெண்டு எடத்துலயும் ஓட்டணுமே மாமா, ரெண்டு சைக்கிளா வாங்க முடியும்?" என்று கேட்டான்.

கடைக்காரர் சொன்னதில் கபடம் ஏதும் இல்லை. பெயரை வைத்துப் பொருளைத் தீர்மானிப்பது மனித சுபாவம். ஆனால் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதை, கொச்சி-தனுஷ்கோடி சாலை என்று வழங்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி என்பதையும், அது தார் போட்ட சாலை என்பதையும், சமவெளி என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் பாலக்காட்டுக் கணவாயில் வருஷத்தில் பல மாதங்கள் ஆளைத் தள்ளும் காற்று வீசுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அவருடைய சூத்திரம் ஆட்டம் காண்கிறது. சைக்கிளுக்கு மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஏற்றம், காற்று, தரை என்ற மூன்று எதிரிகள்தாம். எந்த இடத்தில் எந்த எதிரி வலியவன் என்று அறிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

ஏற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். போடிக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1000 மீட்டர்; பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு அந்த உயரத்தைச் சாலை இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் கடக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் தண்ணீரும் மூட்டையும் சேர்த்து எண்பத்தைந்து கிலோவாக ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பியாசமுள்ள சாமானியன் ஒருவன் மணிக்கணக்கில் விடாமல் தரக்கூடிய சக்தி சுமார் 150 வாட். அதாவது, வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறிகள் இரண்டைச் சுழற்றப் போதுமான அளவு. இந்தச் சக்தி முழுவதையும் உயர்வதற்கே செலவிட்டாலும் எண்பத்தைந்து கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இதில் எந்தக் கம்பெனியும் சலுகை தர முடியாது. பூமியின் ஈர்ப்புக்குச் செலுத்த வேண்டிய வரி அது.

மனிதனுடைய சக்தி 150 வாட் என்று எப்படிக் கண்டார்கள் என வாசகர் கேட்கலாம். 1980-களின் பிற்பகுதியில் உல்ரிச் ஷோபெரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், பெடலைத் தாங்கும் கிராங்கினுள் மெல்லிய உலோகப் பட்டைகளைப் பதித்து, காலின் அழுத்தத்தால் கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவதை மின்சாரத்தால் அளக்கும் கருவியைச் செய்தார். வளைவிலிருந்து விசையும், சுழற்சியிலிருந்து வேகமும் தெரிந்துவிடுவதால் இரண்டையும் சேர்த்துச் சக்தியைக் கணக்கிடலாம். அதுவரை பரிசோதனைச்சாலைக்குள் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில் மட்டுமே அளக்க முடிந்த விஷயத்தை, அதன்பிறகு சாலையிலேயே அளக்கலானார்கள்.

இனி, கடைக்காரர் எம்.டி.பி. என்று சொன்ன மலை சைக்கிள் சாதாரணமாக ரோடு சைக்கிளைவிட நான்கு கிலோ கூடுதலாக இருக்கும். இந்த நான்கு கிலோவைப் போடிமெட்டுக்குச் சுமப்பதற்கான அபராதம் நான்கைந்து நிமிஷம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும் ஏற்றத்தில் அது வழியில் நின்று ஒரு தேநீர் குடிக்கும் நேரங்கூட இல்லை. எடையைக் கிராம் கணக்கில் குறைப்பதற்காக ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறவர்களைக் காணும்போது, தங்கள் வயிற்றைச் சுற்றியுள்ள கிலோக்களை இவர்கள் எப்போது எண்ணப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஏற்றத்தில் உண்மையாக நம்மை வீழ்த்துவது எடை அன்று, பொருந்தாத பற்சக்கரம். இதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும்.

சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை முதலாகிய இடங்களிலிருந்து வந்து, பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அந்தப் பழைய கறுப்பு ஹெர்குலிஸ் வகை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலோடு இணைந்த முன் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் ஃப்ரீவீலில் 18 பற்கள் என்று இருந்தால், பெடலை ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றி, வண்டி ஐந்தரை மீட்டர் முன்னே போகும். சமதரையில் இது வெகு சௌகரியம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் மலைச்சாலையிலோ, நமது 150 வாட் மனிதனால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போக முடியாது. அந்த வேகத்தில் இந்த வண்டியின் பெடல் நிமிஷத்துக்கு இருபத்தெட்டு முறைதான் சுற்றும். மனிதக் கால்கள் நிமிஷத்துக்கு அறுபது முதல் தொண்ணூறு சுற்று வரை இயல்பாக மிதிக்கின்றன. மிதிவேகம் அதில் பாதிக்கும் கீழே இறங்கும்போது, அதே சக்தியைத் தருவதற்கு ஒவ்வொரு மிதியிலும் இருமடங்குக்கு மேலாக அழுத்த வேண்டியதாகிறது. முழங்கால் கெஞ்சுகிறது, இறங்கித் தள்ளுகிறோம்.

பீப்பாயை லாரியில் ஏற்றுபவர்கள் அதை நேராகத் தூக்காமல் ஒரு நீண்ட பலகையைச் சாய்த்து வைத்து உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தூரம் கூடுகிறது, தேவையான விசை குறைகிறது, மொத்த வேலை மாறுவதில்லை. போடிமெட்டின் பதினேழு வளைவுகளும் அப்பேர்ப்பட்ட சாய்ந்த பலகைதான். மலைச்சாலையை வகுத்தவன் செய்த அதே யுக்தியை, சைக்கிளின் பற்சக்கரம் நம் காலடியில் இரண்டாம் முறையாகச் செய்கிறது: பின்னால் பெரிய சக்கரத்துக்குச் செயினை மாற்றினால், ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் சுருங்கி, ஒவ்வொரு மிதியும் இலகுவாகிறது. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் உள்ள இன்றைய ரோடு சைக்கிளில் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர். மேற்சொன்ன வேகத்தில் மிதிவேகம் எழுபது. உகந்த இடத்தில் வந்து அது அமர்வதைக் கவனியுங்கள். பழைய பந்தய சைக்கிள்களில் வழக்கமான 39-க்கு 25 என்ற ஜோடி இருந்தால் மிதிவேகம் ஐம்பதுக்குக் கீழே இறங்கிவிடும். மலை சைக்கிளில் காணும் 22-க்கு 34 என்ற ஜோடியோ ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல்தான் போகும். அது தார்ச்சாலைக்குத் தேவையில்லை, சுவரைப் போல நிற்கும் கல் பாதைக்கே வேண்டும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இது ரோடா, மவுண்டனா?" என்பதன்று, "முன்னால் மிகச் சிறியதில் எத்தனை பல், பின்னால் மிகப் பெரியதில் எத்தனை பல்?" என்பதே. இரண்டும் சமமாகவோ, பின்னது பெரிதாகவோ இருந்தால் மலை வழிவிடும்.

இந்த எளிய உண்மையை ஒப்புக்கொள்ளப் பந்தய உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தில், ஓட்டத்தின்போதே செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தாவச் செய்யும் கியர்மாற்றியை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன், மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்தில் உள்ள பெரிய பற்சக்கரம் செயினுக்கு நேராக வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கஷ்டப்படுவதே வீரம் என்ற எண்ணம் விளையாட்டில் எளிதில் ஒழிவதில்லை.

அப்படியானால் மலை சைக்கிள் என்று பெயர் பெற்ற அந்தப் பிறவி எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமல்பயஸ் மலையருகே, 1970-களில் சில இளைஞர்கள் பழைய தடிடயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, செம்மண் பாதைகளில் தலைகீழாகப் பாய்ந்து இறங்கும் விளையாட்டைத் தொடங்கினார்கள். ஏறுவதற்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அல்லது டிரக்கில் ஏற்றிக்கொண்டார்கள். 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர்: பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அந்தக் காலப் பிரேக்கின் உள்ளே இருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் வெந்து புகைந்து போனதால், ஒவ்வொரு தடவையும் சக்கரக் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைக்க வேண்டியிருந்ததாம். ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே சட்டகம் கட்டினார்; கேரி ஃபிஷர், டாம் ரிச்சி முதலியோர் பின்னர் இதை வியாபாரமாக்கினார்கள். மலையில் ஏறுவதற்காக அன்று, மலையிலிருந்து கரடுமுரடான தரையில் இறங்குவதற்காகவே பிறந்த வண்டி அது. சிறு பற்சக்கரங்கள் பிற்பாடு வந்து சேர்ந்த அணிகலன்கள்.

நம் எல்லைப் பிரதேசத்தில் அதற்கு உண்மையான களம் இல்லாமலில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி எதையும் நம்ப முடியாது. ஏலத்தோட்டங்களுக்குள் கிளைபிரியும் கல் பாவிய எஸ்டேட் வழிகளும் அத்தகையவையே. அங்கே தடி டயரும் ஷாக் அப்சார்பரும் ஆடம்பரமல்ல, அவசியம். தார்ச்சாலையில் ஏறும்போதோ அந்த மலிவு ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டிக்கொண்டு, கால் தரும் சக்தியில் கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டே வரும்.

இனிக் காற்று. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் சுவர்களாக நிற்க, மேற்குத்தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துவிட்ட வாசல் பாலக்காட்டுக் கணவாய். இரண்டு உயர்ந்த கட்டிடங்களுக்கு இடையிலுள்ள சந்தில் நின்றால் வேஷ்டி பறப்பது ஏனோ, அதே காரணத்தால் இங்கே காற்று நெருக்கப்பட்டு வேகம் கொள்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அது மேற்கிலிருந்து கிழக்கே பாயும்; கார்த்திகை மாதத்தை ஒட்டித் திரும்பி, கிழக்கிலிருந்து வறண்டு வரும்போது பாலக்காட்டார் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டதும் சும்மா அல்ல.

காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை வாசகர் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் கொடுமையை வாளையாற்றுச் சாலையில் ஆடி மாதத்தில் மேற்கு நோக்கி மிதித்தவரே அறிவர். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனை அதே இருபது கிலோமீட்டர் காற்று எதிர்த்தால், அவன் உடம்பில் மோதும் காற்று நாற்பது. தடை இருமடங்கு அல்ல, நான்கு மடங்கு. அந்தத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு சைக்கிளால் ஏற்படுவதன்று, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதனால் ஏற்படுவது. வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பற்றிக் குனிந்தால் காற்றுக்குக் காட்டும் மார்பின் பரப்புக் குறைகிறது. ரோடு சைக்கிளின் வடிவத்துக்கு உள்ள பிரதான நியாயம் இதுதான்.

காற்றே முதல் எதிரி என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியம் வெகுகாலத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1899-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், சார்லஸ் மர்ஃபி என்பவர் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பாவச் செய்து, ஓடும் ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னே, காற்றுப் படாத நிழலில் சைக்கிள் ஓட்டி, ஒரு மைலை 57.8 வினாடியில் கடந்தார். மணிக்கு நூறு கிலோமீட்டர்! அவர் காலில் அமானுஷ்ய பலம் ஒன்றுமில்லை. காற்று என்ற சுவரை ரயில் அவருக்காக உடைத்துக்கொண்டு போயிற்று. போடிமெட்டு ஏற்றத்தில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில் போகும்போதோ, காற்றுக்கு நாம் தரும் பங்கு நூற்றுக்கு மூன்றுதான். ஆகவே குனியும் வண்டியின் பெருமை சமவெளியில். மலையில் நிமிர்ந்து உட்கார்ந்து தாராளமாக மூச்சு வாங்கலாம்.

மூன்றாவது எதிரி தரை. தரையோடு நமக்குள்ள சம்பந்தமெல்லாம் உள்ளங்கை அளவுகூட இல்லாத இரண்டு ரப்பர்த் திட்டுகள் வழியாகத்தான். ரப்பர்ப் பந்தைக் கீழே விட்டால் விட்ட உயரத்துக்கு அது எழும்புவதில்லை. நசுங்கும்போது வாங்கிய சக்தியை மீளும்போது முழுவதும் திருப்பித் தராமல் ஒரு பகுதியைச் சூடாக்கித் தொலைத்துவிடுகிறது. இதை மீள்விழப்பு என்று சொல்லலாம். டயரும் உருளும் ஒவ்வொரு கணமும் நசுங்கி மீள்கிறது. அந்த மீள்விழப்பே உருளல் தடை. ஆழ்ந்த கட்டைகள் கொண்ட மலை டயரில் கட்டைகளும் தனித்தனியே வளைந்து நெளிவதால், தடை நல்ல வழவழப்பு டயரைப்போல் இருமடங்காகவும் ஆகலாம். ஸ்தூலமாகக் கணக்கிட்டால், அந்த வித்தியாசம் போடிமெட்டு ஏற்றத்தில் பத்து நிமிஷத்தைத் தின்னும். நான்கு கிலோ இரும்பு தின்றதைவிட இருமடங்கு! எடையைக் கையால் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள் டயரைத் தடவிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் மிக மெல்லிய, கல்லைப் போல் காற்றடைத்த டயரே சிறந்ததா? அப்படித்தான் வெகுகாலம் நம்பினார்கள். பந்தய வீரர்கள் 23 மில்லிமீட்டர் டயரையே வேதவாக்காகக் கொண்டிருந்தார்கள். சுழலும் உருளைகளில் டயரை ஓடவிட்டு அளந்தபோதும், உண்மையான சாலைகளில் அளந்தபோதும் வேறு சங்கதி வெளிப்பட்டது. ஒரே அழுத்தத்தில் அகலமான டயரின் தரைத்திட்டு குட்டையாகவும் பரந்தும் இருப்பதால் டயர் குறைவாகவே வளைகிறது. மேலும், கரடான சாலையில் கெட்டி டயர் ஒவ்வொரு சிறு கல்லின்மீதும் வண்டியையும் ஆளையும் தூக்கிப்போடும். அந்த அதிர்வு நம் தசைகளில் போய்க் கரைகிறது. நாள் முழுதும் மாட்டுவண்டியில் சும்மா உட்கார்ந்து வந்தவனுக்கு ஏன் உடம்பு வலிக்கிறது? 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்தியபோது செய்ததும் வண்டியைக் கல்மீது தாவவிடாமல் கல்லை டயர் விழுங்கும்படி விட்டதுதான். இன்று பந்தயக்காரர்களே 28 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள். நம் சாலைகளுக்கு 32 முதல் 38 வரை அகலமுள்ள வழவழப்பு டயர் உசிதம்.

இறக்கத்தையும் மறக்கலாகாது. ஏறும்போது சேமித்த சக்தி முழுவதும் இறங்கும்போது எங்கேனும் போயாக வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான அந்தச் சக்தியில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ள, மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது. தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிப்பதுண்டு; வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு விட்டு, ஆறவிட வேண்டும். பழைய முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். இடுக்கி மழையில் இறங்குகிறவர்களுக்கு டிஸ்க் பிரேக் உள்ள வண்டியை நான் தயங்காமல் சொல்வேன்.

மற்ற சாமான்களைப் பற்றி விரித்துப் பேச அதிகமில்லை. ஹெல்மெட்டின் உள்ளேயிருக்கும் தெர்மாகோல் போன்ற பொருள், தான் நசுங்குவதால் தலை நிற்கும் நேரத்தை நீட்டித் தருகிறது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி அணிவதில் பயனில்லை. மெட்டுகளில் பகலிலேயே மூடுபனி கவிவதால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். உபரி டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், சிறு பம்பு ஆகியவை பையில் இருக்கட்டும். இங்கே ஒரு சூட்சுமம்: நம்மூர்ச் சைக்கிள் கடைப் பம்பு வால் டியூப் போட்ட பழைய வால்வுக்கானது, பஞ்சர் கடைக் காற்று மோட்டார் வண்டி வால்வுக்கானது, ரோடு சைக்கிளின் ஒல்லி வால்வுக்கு இரண்டும் பொருந்தா. விரல்நுனி அளவுள்ள பித்தளை மாற்றி ஒன்று கையில் இல்லாவிட்டால், உயர்ந்த விலை வண்டியும் மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியருகே நின்றுவிடும். இன்னொன்று: 700 என்று ரோடு சைக்கிளிலும் 29 என்று மலை சைக்கிளிலும் எழுதியிருக்கும் ரிம்கள் இரண்டும் 622 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒன்றே. பெயர்கள் செய்யும் மாயம் இத்தனை.

பையன் கடைசியில் வாங்கியது இரண்டு ஜாதியிலும் சேராத ஒன்று: வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், 35 மில்லிமீட்டர் டயர், முன்னே 34, பின்னேயும் 34. வாங்கிய மறு ஞாயிறு, நான் சொன்னதையெல்லாம் நம்பாமல் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றான். நானும் அதையே விரும்பினேன். கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே பனைமரங்களுக்கு நடுவில் மெல்லிய சரிவு ஒன்று உண்டு. விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன், மேலே ஒரே இடத்திலிருந்து பெடல் மிதிக்காமல் அவன் உருண்டு வர, வண்டி நின்ற இடத்தில் நான் சாக்கட்டியால் கோடு போட்டேன். நண்பனிடம் இரவல் வாங்கிய கட்டை டயர் சைக்கிள் முதலில் நின்றது. அவனுடைய புது வண்டி அதைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்து மூன்றாம் முறை விட்டோம். அதற்குள் வெயில் ஏறி, கணவாயிலிருந்து மேற்குக் காற்றுக் கிளம்பி முதுகில் தள்ளியதால், வண்டி முன் இரண்டு கோடுகளையும் கடந்து போயிற்று. அந்தக் கோட்டைச் செருப்பால் அழித்துவிட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கே வரணும் மாமா" என்றான் பையன்.